தண்டில் விழுந்த துளை

திராட்சைக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது, ஐயா. கொல்லையில் கொடி வைக்கிற பாதிப் பேர் அதில்தான் கெடுக்கிறார்கள். நான் பிள்ளையில்லாத வீட்டில் ஒரே கொடியைப் பிள்ளையாக வளர்த்தவன். இலை சல்லடையானால் வண்டு. விடியற்காலையில் கீழே துணி விரித்துக் கிளையை உலுக்கினால் பொலபொலவென்று உதிரும், அப்படியே நசுக்கிவிடலாம். குலையில் வெள்ளையாக அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. எது யார் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

அதனால்தான் தண்டில் அந்தத் துளையைக் கண்டதும் விளங்கியது. உருண்டையான துளை, அடியில் மரத்தூள், மேலே ஒரு கிளை வாடிக் கிடந்தது. வீட்டில் டிரில்லிங் மிஷின் வைத்திருந்தவர் ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன், தச்சர். வேலை போய் எங்களோடு வந்து தங்கியவர். கொடியை எடுத்துவிட்டால் அங்கே பட்டறை போடலாம் என்று வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டேன். சிரித்தார்.

"துளை போட எனக்கு வேற மரமே கிடைக்கலையா, மாப்ளே? உள்ள புழு இருக்கும். கம்பி விட்டுப் பாருங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அதுகூட இல்லை. அவ்வளவு தேர்ந்த ஆள். குனிந்து துளையைக் காட்டியபோது கவாத்துக் கத்தியால் கழுத்தில் வெட்டினேன். பச்சைக் கிளைக்கான கத்தி அது, எலும்பில் வழுக்கியது. பிறகு மண்வெட்டியை எடுத்து, அசைவு நிற்கும்வரை தலையில் போட்டேன். எனக்குக் கோபமே இல்லை. பந்தலுக்குப் பின்னால் இழுத்துச் சாக்கால் மூடினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் புதுத் தூள் விழுந்திருந்தது. என் தவறு அப்போதுதான் உறைத்தது. மாவுப்பூச்சியை மட்டும் ஒழித்துப் பயனில்லை. அதைச் சுமந்து கொடியில் ஏற்றுகிற எறும்பையும் ஒழிக்க வேண்டும். இந்த மனிதரை வீட்டுக்குள் கூட்டிவந்தது யார்?

மனைவி அடுப்படியில் இருந்தாள். "அண்ணனை எங்கங்க காணோம்? நேத்து சாப்பிடவே வரலயே" என்றாள். அதே மண்வெட்டிதான். கையை உயர்த்தித் தடுத்தாள். முதலில் கைகள் உடைந்தன. நல்லவள்தான், ஆனால் விட்டுவைத்திருந்தால் இன்னொருவரை அழைத்து வந்திருப்பாள்.

நேற்று உங்கள் ஆட்கள் தண்டைப் பிளந்து ஒரு வெள்ளைப் புழுவை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். கொடியை அப்படிப் பிளந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். புழுவையும் பார்த்தேன். நல்ல தடித்த புழு. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள், ஐயா. தன்மேல் சந்தேகம் வரக் கூடாதென்று துளைக்குள் புழுவையும் விட்டிருக்கிறார்.