டிபிக்கு ஒரு கிடா

"டிபியா இருந்தா கிடா வெட்டறேன்னு வேண்டிக்கிட்டேன் மச்சான்."

ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர், விலாவைப் பிடித்துக்கொண்டு நண்பரிடம் சொன்னார். இருவரும் உலோக முலாம் பூசும் ஒரே பிளேட்டிங் கம்பெனி யூனிபார்மில் இருந்தார்கள்.

"டிபி வேணும்னு எவனாவது வேண்டுவானா? லூசாடா நீ?"

"நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு. ஊசியில எடுத்து, அதுல தாமிரம், துத்தநாகம் எவ்வளவுன்னு பாக்கறாங்க. டிபியா கேன்சரான்னு அதுல ஒரு துப்பு கிடைக்குமாம். டிபின்னா மாத்திரையிலயே போயிடும்."

"நம்ம முலாம் தொட்டியில பாக்கற மாதிரியா? துத்தநாகம் கொறைஞ்சா சொல்லு, ஒரு வாளி கொண்டாரேன்."

"சிரிக்க வைக்காதே, குத்துது. நாளைக்கு ரிசல்ட்டு."

நண்பர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"சரி, நானும் வேண்டிக்கறேன். ஆனா டிபின்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கம் திரும்பி இருமு."