ஆணி வாங்கிய பிறகு வாங்கிய வீடு

தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் நான்கு நிமிடத்தை ஒரு கதைக்குச் செலவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற தை மாதம் மூன்றாம் தேதி, காலை பத்தேகால் மணிக்கு, மதுரையில் ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது. பத்திரிகைகள் அதைக் கவனிக்கவில்லை. சட்டமன்றத்தில் யாரும் எழுந்து பேசவில்லை. செண்பகவல்லி என்ற பெண்மணி, இரும்புக் கடைக்குப் போய், இரண்டரை அங்குலத்தில்... ஓர் ஆணி வாங்கினார்.

ஏன் சிரிக்கிறீர்கள்? இருபத்திரண்டு வருடம், ஒன்பது வாடகை வீடு. ஒன்பது வீட்டுக்காரர்களும் சாவியைக் கொடுக்கும்போது சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்கம்மா." செண்பகவல்லியின் கல்யாணப் போட்டோ இருபத்திரண்டு வருடமாகப் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. மாப்பிள்ளை கோலத்தில் இருக்கும் கணவர் தெய்வநாயகத்தை ஒன்பது வீட்டுப் பல்லிகளும் பார்த்திருக்கின்றன. மனிதர்கள் பார்த்ததில்லை.

ஆணி வாங்கியாயிற்று. இனி அதை அடிக்க ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதானே? திருப்பாலையில் ரத்தினசாமி என்பவரின் வீடு விலைக்கு வந்தது. இருந்த சேமிப்பு, இருந்த நகை, இருபது வருடத் தவணை... எல்லாம் அந்த ஒரு வீட்டின் மேல். வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றார் தெய்வநாயகம். நல்ல யோசனை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

முதலில் வந்தவர் எஞ்சினியர் ரெஜினா. கட்டடவியல் படித்தவர், பதினாறு வருட அனுபவம்.

"எத்தனை வீடு பாத்திருக்கீங்கம்மா?"

"முந்நூறுக்கு மேல இருக்கும் சார்."

"அதுல குறையே இல்லாத வீடு?"

"ஒண்ணு கூட இல்ல சார்."

தெய்வநாயகம் முகம் சுருங்கியது. ரெஜினா தொடர்ந்தார். "மொட்டை மாடியில தண்ணி கட்டி ஒரு நாள் வச்சுப் பாக்கணும். சுவரையெல்லாம் சுத்தியலால தட்டிப் பாக்கணும்."

சுத்தியல்! நல்ல காரியம் பேசும் இடத்தில் சுத்தியல்!

அவர் போனதும் செண்பகவல்லியின் தம்பி பரமானந்தம் பொங்கிவிட்டார். "மாமா, கேட்டீங்கல்ல? அந்தம்மா கால் வச்ச முந்நூறு வீட்டுலயும் கோளாறு! ராசியே இல்லாத கை மாமா அது. எங்க கனகசபை அண்ணன் இருக்காரு. நூத்தி எழுபது வீடு பாத்திருக்காரு. ஒரு வீட்டுல, ஒரே ஒரு வீட்டுல, ஒரு குறை? கிடையாது. கைராசி!"

"ஏங்க," என்றார் செண்பகவல்லி, "சுத்தியல் கொண்டு வர்றவங்களே வரட்டுமே."

"நீ சும்மா இரு. அபசகுனமா பேசாத."

கனகசபை வந்தார். சித்திரை வெயில். வெள்ளை வேட்டி. கூடத்தின் நடுவில் நின்றார். கண்ணை மூடினார். அப்போதுதான் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்த ஒரே ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஆகா! சித்திரையில சுவரு குளுகுளுன்னு இருக்கு. உங்களுக்கு ஏசியே வேணாம்."

எல்லோரும் வரிசையில் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். குளுகுளு என்றுதான் இருந்தது. சித்திரையில் ஒரு சுவர் ஏன் குளிர வேண்டும் என்று அந்த வரிசையில் யாராவது கேட்டார்களா? நீங்கள் கேட்டிருப்பீர்களா? நான் கேட்டிருக்க மாட்டேன். தொட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன்.

பத்திரம் பதிந்தது. ஆவணியில் கிரகப்பிரவேசம். பால் முறைப்படி கிழக்குப் பக்கமே பொங்கியது. பந்தி முடியும் நேரத்தில் செண்பகவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குளுகுளு சுவருக்கு முன்னால் ஸ்டூலில் ஏறினார். ஒரு கையில் ஆணி, ஒரு கையில் சுத்தியல். ஆமாம், அதே சுத்தியல்தான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. கீழே தெய்வநாயகம் போட்டோவை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

ஆணியை வைத்தார். ஓங்கினார்... அடிக்கவே இல்லை. ஆணி தானாகவே உள்ளே போய்விட்டது, கேசரியில் முந்திரி போவது போல!

"என்னங்க இது?" என்று வெளியே இழுத்தார். ஆணி வந்தது. ஆணியோடு முறம் அகலத்துக்குப் பூச்சு வந்தது. பூச்சுக்குப் பின்னால் பாசி பிடித்த செங்கல். செங்கலுக்கு நடுவில் ஓட்டை விழுந்த குழாய். குழாயிலிருந்து ஒரு சின்ன நீரூற்று, நேராக மாப்பிள்ளை கோலத்தின் மேல்!

கடைசிப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த கனகசபை தலையைத் தூக்கினார். "வீட்டுக்குள்ள தண்ணி வருதா? லட்சுமி வர்றா மாப்பிள்ளை!"

தெய்வநாயகம் ஈரக் கையோடு ரெஜினாவுக்குப் போன் செய்தார். "அம்மா, நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, கொஞ்சம் வர முடியுமா?"

"நாளைக்கு முடியாது சார். ஒரு வீடு பாத்துச் சொல்ல ஒத்துக்கிட்டேன். ரத்தினசாமின்னு ஒருத்தர் வாங்கப் போறாராம். திருப்பாலையில இருந்த வீட்டை இப்பத்தான் வித்தாராம்."

அன்புள்ளவர்களே, சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது சொல்லுங்கள். நம் எல்லோருக்கும் டாக்டரும் வேண்டும், ஆனால் அவர் நோய் என்று ஒன்றும் சொல்லக் கூடாது. அப்படித்தானே? வீட்டைப் பார்க்க வருகிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். போன வீட்டில் என்ன கோளாறு கண்டீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீடு பிரமாதம் என்று சொல்லத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும். பிரமாதம் இல்லை என்று நம் முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் படித்த ஆள் வேண்டும். அவர் சுத்தியலோடு வருவார். வரட்டும்.

அந்தக் கல்யாணப் போட்டோ இப்போது கூடத்தில், ஒரு நாற்காலியில் இருக்கிறது. நாற்காலி சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடப்பட்டிருக்கிறது.