தையல் மிஷின் என்று எழுதிய பெட்டிகள்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற மத்தியான பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கப்பலில் சமையல்காரர் என்று பேச்சில் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் சொன்னார்:

“துப்பாக்கி மேலதான் படுத்துகினு வந்தேன், அஞ்சலை. நல்லாத்தான் தூக்கம் வந்துது.”

“தெரியலியாய்யா உனக்கு?”

“பொட்டி மேல தையல் மிஷின்னு எழுதியிருந்துது. என் பொண்டாட்டிக்கு ஒண்ணு குடு, சம்பளத்துல புடிச்சிக்கோன்னு கேப்டனையே கேட்டேன். சிரிச்சிகினே சரின்னான். ராவுல இஞ்சின் ஓடறது, நீ தச்சிகினு கீற மாதிரியே கேக்கும்.”

“அப்பறம் இன்னா ஆச்சு?”

“அல்ஜீரியாவுல சண்டை நடக்குதில்ல, அங்க போற சாமானாம். பாண்டில இருந்தானே பிரெஞ்சுக்காரன், அவன் போர்க்கப்பல் நடுக்கடல்ல மடக்கிடுச்சு. பொட்டிய ஒடச்சா, எண்ணெ தடவின துப்பாக்கி.”

“நான் ஜன்னலாண்ட எடம் ஒழிச்சி வெச்சிருந்தேன். மிஷின் வந்தா ஊரு ஜாக்கெட்டெல்லாம் தச்சி, உன்ன இனிமே கப்பலுக்கே அனுப்பக் கூடாதுன்னு.”

சவுக்குத் தோப்புக்கு நடுவில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது.

“அடுத்த வாரம் மெட்ராஸ்லேந்து ஒரு கப்பல் போவுது, அஞ்சலை. வெறும் கோதுமை மாவுதான் ஏத்தறாங்க.”

“மூட்டை மேல எழுதிகீதா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகும், இறங்குகிற வரைக்கும், அந்த அம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.