என் மடியில் பிறந்தவன்

என் மகன் ஈசாக்குக்குப் பால் மறக்கடித்த விருந்தில் கறி போதவில்லை என்று சொல்லித் திரிகிறார்கள். அது பொய். மூன்று கன்றும் பதினொரு கடாவும் அடித்தோம். மறுநாள் மிச்சத்தை நாய்கூட மோந்துவிட்டுப் போனது. இந்தச் சாராள் வைத்த விருந்தில் குறை சொல்ல எவளுக்கும் வாய் கிடையாது. நீ இங்கே வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாக, முன்பு இந்த வேலையைச் செய்த எகிப்துக்காரி எங்கே என்று கேட்கிறாய். ஊரார் வாயில் கேட்பதைவிட என் வாயிலேயே கேட்டுக்கொள்.

ஆகார் என் வேலைக்காரி. எழுபத்தைந்து வயது தாண்டியும் எனக்குப் பிள்ளை இல்லை. அவளை என் கணவர் ஆபிரகாமிடம் கொடுத்தது நான்தான். மூக்கில் விரல் வைக்காதே, எங்களில் இது வழக்கம். வேலைக்காரி தன் நாச்சியாரின் மடியில் சாய்ந்து பெறுவாள். பிள்ளை நாச்சியாருடையது. இஸ்மவேல் அப்படித்தான் பிறந்தான். அவள் முதுகு என் நெஞ்சில் கிடந்தது. அவள் கத்தினாள், பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வயதில் ஒருநாள் தடுக்கி விழுந்தவன், அம்மா என்று அழுதுகொண்டு அவளிடம் ஓடினான். நான் கோபப்படவில்லை. அவளைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னேன்.

"ஏடி, இன்னொரு தடவை அவன் உன்னை அப்படிக் கூப்பிட்டா உன்னை ஆட்டு மந்தைக்கு அனுப்பிடுவேன். பால் குடுத்ததோட உன் வேலை முடிஞ்சுது."

"சரிங்க நாச்சியாரே. இனிமே பேர் சொல்லியே கூப்பிடச் சொல்றேன்."

அன்று முதல் பெற்றவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஆகார், தண்ணி கொண்டா. ஆகார், என் செருப்பு எங்கே. அவள் கொண்டுவந்து காலடியில் வைப்பாள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. வயிறு தள்ளிய நாட்களில் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மலடி என்று. அந்தப் பார்வைக்கு இது குறைந்த கூலிதான்.

பதினான்கு வருடம் அவன் எனக்கு ஒரே பிள்ளை. காய்ச்சல் என்றால் பயறுக் கூழை நான் ஊட்டினால்தான் விழுங்குவான். அப்புறம் தொண்ணூறு வயதில் என் வயிற்றிலேயே ஈசாக்கு பிறந்தான். பெற்றவளுக்குத்தான் தெரியும் பிள்ளை அருமை என்பார்கள். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அருமை ஆகாருக்கும் இருந்திருக்குமே என்று என்னிடம் கேட்காதே.

ஈசாக்குக்கு மூன்று வயதானதும் அந்த விருந்து. பக்கத்துக் கூடாரத்து ஆதாள், கானானியக்காரி, என் அத்திப்பழத்தை மென்றுகொண்டே என்னைச் சீண்டினாள்.

"உனக்கென்ன குறை சாராள்? ஆபிரகாம் வீட்டுக்கு ரெண்டு ஆம்பிளைப் புள்ளைங்க. எல்லாம் மூத்தவனுக்கு. சின்னவன் அவன் கைக்குள்ள வளந்துட்டுப் போறான்."

பெண்கள் சிரித்தார்கள். எதிரே இஸ்மவேல், பதினேழு வயதுத் தடியன், ஈசாக்கைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். "அம்மா, என் வில்லை எப்படிப் புடிக்கிறான் பாரு" என்று சிரித்தான். சின்னவன் மறு கையால் அவன் காதைப் பிடித்துக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். கிழட்டு உடம்பு கிழிய நான் பெற்றவன், ஒரு வேலைக்காரி பெற்றவன் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டுமாம்.

அவன் குழந்தையைக் கேலி செய்தான் என்று பிறகு ஒரு பேச்சு வந்தது. அதைச் சொன்னது நான். அவன் கேலி செய்யவில்லை.

"எகிப்துக்காரி போகணும்" என்று கணவரிடம் சொன்னேன். "அவ மகனும் போகணும்."

"அவ மகனா? உன் மடியில பொறந்தவன் சாராள் அவன்."

"மடிதான் என்னுது. வயிறு அவளுது."

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் ரொட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையனிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகாருக்குத் தெரியும், அவள் வாய் திறக்கவில்லை. மகன் தன்னோடு வருவதே அவளுக்குப் போதும் போலிருக்கிறது. ஆகவே அவனிடமும் நான்தான் பேச வேண்டியிருந்தது.

"ஆகார் தன் ஊருக்குப் போறாளாம். தனியாப் போகப் பயப்படுறா. எகிப்து வழியில கொண்டுபோய் விட்டுட்டு வாப்பா."

வெறுமனே துரத்தினால் போதாது என்று எனக்குத் தெரியும். துரத்தப்பட்டவன் என்றாவது திரும்பி வருவான். வழக்கம் அவன் பக்கம், ஊர் அவன் பக்கம். மூத்தவனின் பங்கைக் கேட்பான், கொடுத்தும் விடுவார்கள். கூடாரக் கம்பத்தில் ஆட்டுத்தோலில் தைத்த தண்ணீர்த் துருத்திகள் இரண்டு தொங்கின. ஒன்று புதிது. மற்றதில் பின்னங்கால் தையல் விட்டுப்போயிருந்தது. அதைத் தைத்தவள் நான். நிரப்பினால் எவ்வளவு நேரத்தில் ஒழுகித் தீரும் என்பது எனக்கு அத்துப்படி. அதைத்தான் நிரப்பினேன். ஒழுகும் பக்கம் முதுகோடு ஒட்டும்படி ஆகாரின் தோளில் நானே மாட்டிவிட்டேன். அந்த வழியில் முதல் கிணறு இரண்டு நாள் நடை.

பத்தடி போனதும் பையன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, நான் எப்ப திரும்பி வரணும்?"

"தண்ணி தீர்றதுக்குள்ள வந்துடு."

சரியென்று தலையாட்டிவிட்டு, ரொட்டி மூட்டையை அவளிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஆறு வருடம் ஆகிறது, அவன் வரவில்லை. யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், என் சொல்லை ஒருநாளும் தட்டாத பிள்ளை அவன். அவனை ஆகாரா வளர்த்தாள்? நான் வளர்த்தேன்.