தீராத தோள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் மைல்ஸின் மனைவி நோரா அம்மையாரே, சுரங்கச் சங்கு ஊதியதும் கரி முகத்தைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் என் ஸ்க்ரான்டன் மக்களே! உங்கள் ஆகஸ்ட் ரீடலின் வணக்கம்.

பேஸ்பாலையே பிழைப்பாக்கிய முதல் தலைமுறையின் வேகச் சிங்கம் மைல்ஸ் டூலன் மறைந்துவிட்டார். அவர் பந்து வீசுவார்; மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி நான் பிடிப்பேன். கையுறையா? அதைப் போட்டவனைக் கோழை என்று சிரித்த காலம்! வெறுங்கைதான். நான் ஒரு விரல் நீட்டினால் வேகப்பந்து, இரண்டு நீட்டினால் வளைபந்து.

அந்தக் கோப்பை ஆட்டத்தை மறந்தவர் உண்டா? பாதி ஆட்டத்தில் என் ஆள்காட்டி விரல் முறிந்தது. மாற்று ஆள் காய்ச்சலில் கிடந்தான். துணியைச் சுற்றிக்கொண்டு குந்தினேன், ஒரு விரல் நீட்டினேன். மைல்ஸ் மாட்டேன் என்று தலையசைத்தார். மறுபடி நீட்டினேன். மறுபடியும் மாட்டேன்! மெதுவாக, வளைபந்தாகவே வீசி அடி வாங்கினார். அணித்தலைவர் ஹானிகன் ஓடிவந்தார்.

"யோவ், வேகமாப் போடுய்யா! கோப்பை போகுது!"

"போனா போகட்டும். இவன் கை போச்சுன்னா நீ குடுப்பியா?"

கோப்பை போனது. சொன்னதைக் கேட்காதவன் என்று அணியும் அவரை வெளியே அனுப்பியது. 'டூலனின் தோள் தீர்ந்தது' என்று, என் விரல் கதை தெரியாத பத்திரிகைகள் எழுதின. உண்மையைச் சொல்லிவிடக் கிளம்பிய என்னை வாசலிலேயே மறித்தார்.

"டேய் ஆகஸ்ட், மரமண்டை! கை ஒடிஞ்சவன்னு ஊருக்கே தெரிஞ்சா எந்தக் கிளப்புடா உன்னைச் சேக்கும்? வீட்ல புள்ள பொறக்கப் போகுது. விரல் கூடுற வரைக்கும் வாயத் தொறக்காத. போய் சூப்பக் குடி."

அடுத்த பருவத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அவருக்கு? தீர்ந்த தோளுக்கு யார் கதவு திறப்பார்? சேணம் தைக்கும் பட்டறைக்குப் போனார். எனக்குப் பின் இந்த ஊரில் பந்து பிடிக்கக் குந்திய ஒவ்வொருவனுக்கும் கம்பளி அடைத்த தோல் கையுறை தைத்துக் கொடுத்தார். "தோள் எப்படி இருக்கு மைல்ஸ்?" என்று சீண்டுவார்கள். "உன் குதிரைய விட நல்லா இருக்கு" என்று சிரிப்பார்.

விரல் கூடிய பிறகும் நான் வாய் திறக்கப் போனபோதெல்லாம் மறித்தார்; இன்று என்னை மறிக்க அவர் இல்லை. சொல்கிறேன், கேளுங்கள்! அந்தத் தோள் தீரவே இல்லை ஐயா! என் பிள்ளைகள் சாப்பிட்ட சோறு அந்தத் தோள் விட்டுக்கொடுத்த சோறு!

நோரா அம்மையாரே, அந்தப் பட்டறை மூடாது. கத்தரிக்கத் தெரிந்தவன் கத்தரிப்பான். எனக்குத் தைக்க வராது, கம்பளியாவது அடைப்பேன். இந்த ஊரில் இனி ஒருவனும் வெறுங்கையோடு குந்த மாட்டான். இது எங்கள் உறுதி.

மைல்ஸ், இதோ அந்த விரல். கோணலாகத்தான் கூடியது. ஒன்றே ஒன்றுதான் நீட்டுகிறேன், பார்த்துக்கொள்.

வேகமாவே போடுடா. என் கை தாங்கும்.