நாலு நாளும் ஒன்பது ஊரும்

– நைனா, இதுல ஒன்பது ஊர் இருக்கு.

– ஆங், ஒன்பதுதான். கீழ வரைக்கும் படி யுவஸ்ரீ. உங்கம்மாவும் கேக்கட்டும்.

– நாலு நாளைக்கு ஒன்பது ஊரா? அம்மா, அடுப்பை அணைச்சிட்டு இங்க வா. நைனா காலண்டர் தாள் பின்னாடி டைம் டேபிள் எழுதி வெச்சிருக்கு.

– வந்துட்டேன், படி.

– வியாழக்கெழமை காலைல நாலு பத்து, நம்ம திருத்தணியை வுட்டுக் கெளம்பறது. ஏழு அஞ்சு விழுப்புரம், டீ, பன்னண்டு நிமிஷம். ஒன்பது மணி சிதம்பரம், தரிசனம், நாப்பது நிமிஷம். பன்னண்டேகால், கும்பகோணம்.

– அந்நேரத்துக்குக் கும்பகோணத்துல நடை சாத்தியிருப்பாங்களே.

– வெளியில நின்னு பாத்துக்கலாம் தேவயானி. மூணு மணிக்குத் தஞ்சாவூர்ல இருக்கணும். டைமிங் தவறக் கூடாது.

– சோறு எங்க?

– சோறா?

– நாலு மணிக்கு எழுந்து கெளம்பினவ தஞ்சாவூர் வரைக்கும் வெறும் டீயோடவா வரணும்?

– எழுத வுட்டுப் போச்சு. கும்பகோணம் தாண்டி ஒரு பதினஞ்சு நிமிஷம் போட்டுக்கோ யுவஸ்ரீ. ரைட்டு, மேல படி.

– ராத்திரி திருச்சி. வெள்ளிக்கெழமை மதுரை, ராமேஸ்வரம். சனிக்கெழமை கன்னியாகுமரி, குற்றாலம். ஞாயித்துக்கெழமை திரும்பி வர வழியில ஏற்காடு. இன்னா நைனா, வர வழியிலயா ஏற்காடு இருக்கு?

– சேலத்துல கொஞ்சம் திரும்பினா மேல ஏறிடலாம்.

– ஏங்க, நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வரலை.

– இன்னா தேவயானி, இப்படி சொல்லிட்ட? உன்னைக் கூட்டிக்கினு போவத்தானே மூணு நாளா உக்காந்து எழுதிக்கினு இருந்தேன்.

– போன வருஷம் எதிர்வீட்டு ஜெயம்மாவோட நவக்கிரகத்துக்குப் போனேனே, ரெண்டு நாள்ல ஒன்பது கோவில். எந்த ஊர்ல எந்த சாமின்னு கேட்டா இன்னைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. செருப்பைக் கழட்டினதும் மாட்டினதும்தான் ஞாபகம் இருக்குது.

– அவங்களுக்கு பிளான் போடத் தெரியலை. நான் இருவத்தொன்பது வருஷம் டைமுக்கு பஸ் எடுத்தவன்.

– அதைத்தான் நானும் சொல்றேன். டிப்போவுல மாலை போட்டு அனுப்பிச்சு இருவது நாள் ஆவுது. இன்னமும் குளிக்கப் போவும்போது வாட்ச்சைப் பாத்துக்கினு போறீங்க.

– அம்மா, சண்டை வேணாம். நாலு நாளுக்கு மேல கூட்ட முடியாது. அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை, பள்ளிப்பட்டு அத்தை வீட்டு ஜனமெல்லாம் காவடியோட இங்கதான் வந்து எறங்கும். எங்க காரையும் நாலு நாளைக்குத்தான் எங்க வீட்டுக்காரரு குடுப்பாரு. ஊரைத்தான் கொறைக்கணும்.

– அப்போ பேனாவைக் குடு, நான் அடிக்கறேன். ஏற்காடு வேணாம்.

– சரி.

– குற்றாலம்.

– அதுவும் போவட்டும்.

– ராமேஸ்வரம், கன்னியாகுமரி ரெண்டும் வேணாம்.

– கடல் பாக்கணும்னு சொல்லிக்கினு இருந்தியே.

– கடல் எங்கயும் போயிடாது. திருச்சியும் வேணாம், ராத்திரி படுக்கறதுக்கு ஒரு ஊரா? அப்புறம் மதுரை.

– மதுரையை மட்டும் அடிக்காத.

– நீங்க பாக்காத மதுரையா? வாரத்துக்கு ரெண்டு தடவை திருப்பதி-மதுரை வண்டியை எடுத்துக்கினு போயி வந்த ஊரு.

– நான் மதுரையைப் பாத்ததில்ல.

– இன்னா நைனா சொல்ற? எங்க நைனா மதுரை, தஞ்சாவூர் எல்லாம் பாத்தவருன்னு நான் நாலாவது படிக்கும்போது கட்டுரையே எழுதியிருக்கேன். டீச்சர் வெரி குட் போட்டாங்க.

– பஸ் ஸ்டாண்டைப் பாத்திருக்கேம்மா. மதுரை பஸ் ஸ்டாண்டுல எந்தக் கடையில சட்னி நல்லா இருக்கும்னு கேளு, சொல்றேன். வண்டியை நிறுத்தினதும் ரெஸ்ட் ரூமுல போயி படுத்தா கண்டக்டர் வந்து எழுப்புவாரு. மூஞ்சி கழுவிக்கினு மறுபடி வண்டி எடுத்துடுவேன். எல்லா ஊரும் அப்படித்தான்.

– கோவிலுக்குள்ள ஒரு வாட்டி கூடப் போனதில்லையா?

– எங்கம்மா போறது? அந்த நாலு மணி நேரம் தூங்கலைன்னா வண்டியில கீற அம்பது பேருக்கு யாரு பதில் சொல்றது?

– இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லலையே நீங்க.

– நீ கேப்பே, மதுரை எப்படி இருந்துச்சுன்னு. நானும் சொல்லுவேன், நாலு கோபுரம், குளம்னு. எல்லாம் முன் சீட்டுல உக்காந்து வர பாசஞ்சருங்க பேசினது.

– குளத்து நடுவுல தங்கத் தாமரை இருக்குதுன்னு சொன்னீங்களே.

– அது நானா சேத்துக்கினது.

– நைனா, குளத்து நடுவுல நெஜமாவே ஒரு தங்கத் தாமரை வெச்சிருக்காங்க. நாங்க கல்யாணம் ஆன புதுசுல போயிருந்தப்போ நான் பாத்தேன்.

– அப்படியா? அப்போ நான் பொய் சொல்லலை.

– சிரிக்காதீங்க. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது.

– அன்னைக்கு டிப்போவுல மைக்கைப் புடிச்சு, கோதண்டபாணி அண்ணன் தமிழ்நாட்டையே சுத்திப் பாத்தவருன்னு சொன்னாங்களே, எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அந்த மாலைக்குள்ளயே மூஞ்சியை மறைச்சிக்கலாமான்னு இருந்துச்சு. அதான் வீட்டுக்கு வந்து லிஸ்ட்டு போட ஆரம்பிச்சேன். வண்டி ஓட்டின ஊரெல்லாம் ஒரு வாட்டியாவது உள்ள போயி பாத்துடணும், அதுவும் உன்னோட.

– இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

– இப்போ அடிச்சதையெல்லாம் திரும்ப எழுதிடலாமா?

– கூடாது. இருவத்தொன்பது வருஷமா பாக்காததை நாலு நாள்ல பாத்து முடிக்கணுமா? இந்த வேகத்துல போனா மறுபடியும் பஸ் ஸ்டாண்டைத்தான் பாத்துட்டு வருவீங்க. இனிமே உங்களை டூட்டிக்கு யாரு கூப்புடப் போறாங்க? மாசத்துக்கு ஒரு தடவை கெளம்பலாம். ஒரு தடவைக்கு ரெண்டு ஊரு, அதுக்கு மேல கூடாது.

– அம்மா சொல்றது சரி நைனா. ஆடி முடிஞ்சதும் மதுரைக்கு நான் ரயில்ல டிக்கெட் போட்டுத் தரேன். இந்தத் தடவைக்கு எந்த ரெண்டு ஊருன்னு நீயே சொல்லு.

– தஞ்சாவூர்.

– யோசிக்கவே இல்லையே நீங்க.

– வண்டி ஊருக்குள்ள திரும்பற எடத்துல பெரிய கோவில் கோபுரம் தெரியும். சிக்னல் விழுந்தா இன்னும் ஒரு நிமிஷம் பாக்கலாம். மத்த டிரைவருங்க எல்லாம் பச்சை விழணும்னு வேண்டிக்குவாங்க, நான் செவப்பு விழணும்னு வேண்டிக்கினு வருவேன்.

– போதுங்க, அதுக்கு மேல சொல்லாதீங்க. தஞ்சாவூர்ல ரெண்டு ராத்திரி. ஒரே ரூமு, பொட்டியை ஒரு வாட்டிதான் பிரிப்பேன். போற வழியில சிதம்பரத்துல ஒரு ராத்திரி. யுவஸ்ரீ, வேற தாள்ல எழுதும்மா.

– எழுதறேன். வியாழக்கெழமை காலைல எத்தினி மணிக்குக் கெளம்பறீங்க?

– நாலு பத்து.

– ஏழு மணி. இட்லி சாப்ட்டுட்டு.

– ஏழுன்னு எழுதிட்டேன். சிதம்பரத்துல சாயங்காலம் நடை தொறந்ததும் தரிசனம். வெள்ளிக்கெழமை மெதுவா தஞ்சாவூர். சாயங்காலம் பெரிய கோவில். சனிக்கெழமை?

– சனிக்கெழமை காலைல அரண்மனை பாத்துடலாம். மத்தியானம் திருவையாறு போயி, அப்படியே பக்கத்துல நாலு கோவில்...

– ஏங்க.

– இல்ல, மத்தியானம் சும்மா இருக்கப் போவுதேன்னு சொன்னேன்.

– சும்மாதான் இருக்கணும். ஃபேனைப் போட்டுக்கினு படுத்து எழுந்து, தேவைப்பட்டா மறுபடியும் அதே கோவிலுக்குப் போவலாம். மொத நாள் பாத்தது போதாதுன்னு தோணும் உங்களுக்கு.

– இன்னான்னு எழுதறது அதை?

– ரெண்டுலேந்து நாலு வரைக்கும் சும்மான்னு எழுதும்மா. உங்க நைனாவுக்கு டைம் போட்டாதான் மனசு ஒத்துக்கும்.

– ரைட்டு. எழுதிக்கோ யுவஸ்ரீ. பதினாலு மணிலேந்து பதினாறு மணி வரைக்கும் சும்மா. எனக்கே சிரிப்பு வருது.

– ஞாயித்துக்கெழமை காலைல கெளம்பி நேரா வீடு. அவ்வளவுதான் நைனா, அரைப் பக்கம் கூட வரலை.

– பாக்கறதுக்கே நல்லாதான் கீது. சரி, நாளைக்கே மருமவன் எழிலன் காரை எடுத்து ஆயில், காத்தெல்லாம் பாத்து வெச்சிடறேன். நாலு நாளும் நானே ஓட்டிடுவேன், எனக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்ல.

– நீங்க ஓட்டக் கூடாது.

– ஏன்? என் கண்ணுக்கு இன்னா?

– கண்ணு நல்லாதான் இருக்குது. ஓட்டினா அந்தக் கண்ணு ரோட்டைத்தான் பாக்கும். சிதம்பரத்துலேந்து தஞ்சாவூர் வரைக்கும் வயலு, வாய்க்காலு, வழியெல்லாம் கோபுரம். எல்லாத்தையும் நான் பாத்துக்கினு வருவேன், நீங்க முன்னாடி போற லாரியைப் பாத்துக்கினு வருவீங்க. அதுக்கா இத்தினி பேச்சு பேசினோம்?

– மருமவன் வருவாரா?

– அவருக்கு லீவு இல்ல நைனா.

– ஆக்டிங் டிரைவர் வெச்சா நான் வர மாட்டேன். வேற ஆள் ஓட்டற வண்டியில உக்காந்தா என் காலு தானா பிரேக்கை மிதிக்கும்.

– ரெண்டு மூணு நாள் மிதிச்சா பழகிடும்.

– வெளையாடாத தேவயானி. நானும் ஓட்டக் கூடாது, மருமவனும் வர மாட்டாரு. அப்போ யாருதான் ஓட்டறது?

– அம்மா, காட்டிடு. இதுக்கு மேல என்னால சிரிப்பை அடக்க முடியலை.

– இந்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கினு நல்லா பாருங்க.

– இன்னா இது, ஆதார் கார்டா? இல்லையே. தேவயானி, இது டிரைவிங் லைசென்ஸு. உன் மூஞ்சி போட்டிருக்குது.

– தை மாசம் வாங்கினது. உங்ககிட்ட கத்துக்கிட்டிருந்தா ரெண்டு பேரும் பேசியே இருக்க மாட்டோம், அதான் அரக்கோணத்துல இவ வீட்டுக்குப் போயி கத்துக்கினு வந்தேன். மருமவன் பக்கத்துல உக்காந்து வர, சோளிங்கர், காஞ்சிபுரம், வேலூர் வரைக்கும் ஓட்டிட்டேன். வியாழக்கெழமை நீங்க ஜன்னல் பக்கமா உக்காந்து வேடிக்கை பாத்துக்கினு வாங்க, வண்டியை நான் எடுக்கறேன்.