ஓஸ்மோவின் பக்கம் திறக்கவில்லை

சூடான கல்லில் இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள், சொல்கிறேன். இந்தச் சௌனா நீராவி அறையில் எல்லோருக்கும் வேர்க்கும். நான் பயந்தது வெளியே தெரியாது. எனக்கு அது வசதி.

நம் இல்க்காவின் மச்சினன் தாபனிக்கு நடந்தது. டிசம்பர். பிற்பகல் மூன்று மணி... நம் வடக்குக் குளிர்காலம்தான் தெரியுமே, அதற்குள் கும்மிருட்டு. ஓலுவிலிருந்து புதாஸ்யார்விக்குப் போகும் சாலை. இருபுறமும் காடு, நடுவில் கண்ணாடியாய் உறைந்த பனி. அதன் ஓரம், தனியாக, தாபனியின் வீடு.

வீட்டிலிருந்தே வெப்சைட் செய்கிறவன். அப்போது கையிலிருந்தது ஓர் இரங்கல் தளம். இறந்தவரின் பக்கத்தைத் திறந்து மெழுகுவர்த்தி ஏற்றலாம். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே... கூட வேலை செய்யும் ஓஸ்மோவின் பெயரைப் போட்டுவிட்டான். விளையாட்டுக்குத்தான். நான்கூட ஒருமுறை என் மாமியார் பெயரைப் போட்டேன். நலமாக இருக்கிறார், கேட்காதீர்கள்.

சோதனை சர்வர் அவன் கணினிக்குள்ளேயே ஓடியது. வெளியார் யாரும் பார்க்க வழியில்லை. மற்ற பக்கங்கள் சட்டென்று வந்தன. ஓஸ்மோவின் பக்கம் மட்டும்... வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கணினியின் விசிறி இரைந்தது. ஊதி அணைத்த திரியின் வாசனை... வீட்டில் மெழுகுவர்த்தியே கிடையாது.

பெயரை அழிக்கப் பார்த்தான். அழிக்கிற கட்டளையும் சுற்றத் தொடங்கியது.

ஓஸ்மோவுக்குப் போன் போட்டான். உயிரோடு இருக்கிறாயா என்றா கேட்பது? சர்வர் மெதுவாக இருக்கிறது என்றான்.

"அட, இதுக்கா இவ்ளோ சோகம்? அந்த டப்பாவ அடுப்புல போடு. ஆபீஸ்ல புது லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு, நானே எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம்டா. ரோடு சரியில்ல."

"நீ ஓட்டினா எந்த ரோடும் சரியில்லதான்."

ஏன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்... உன் சாவை நான் எழுதி வைத்திருக்கிறேன், வராதே. வெட்கம் வாயை அடைத்துவிட்டது. பிறகு கூப்பிட்டபோது ஓஸ்மோ எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத மனிதன். வாழ்நாளெல்லாம் மெதுவான சர்வரைத் திட்டிய தாபனி, திரையின் முன் உட்கார்ந்து திறக்காதே, திறக்காதே என்று கெஞ்சினான்.

வட்டம் நின்றது. பக்கம் திறந்தது. ஓஸ்மோவின் பெயர். கீழே மெழுகுவர்த்தி... எரிந்துகொண்டு.

பனிமான் குறுக்கே பாய்ந்ததாம். கார் நசுங்கிப் போயிருந்தது. பின்சீட்டில் இருந்த லேப்டாப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

அடக்கம் முடிந்ததும் ஓஸ்மோவின் மனைவி சிர்க்கு அதைத் தாபனியிடம் நீட்டினாள். "உனக்காகத்தான் எடுத்துட்டு வந்தாரு. நீயே வச்சுக்க."

மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அந்த இரங்கல் தளத்தை வேறு ஆளிடம் தள்ளிவிட்டான். புது லேப்டாப்பில் வேறு வேலைகள். படுவேகமாம். எந்தப் பக்கத்தைத் திறக்க நினைத்தாலும்... அவன் விரல் போய்ச் சேரும் முன்பே, அதைத் திறக்கும் விசை தானாக அமுங்குகிறது.